பேனாக்கத்திக்கு ஜாமீன்

மண்வெட்டி விற்றால் வியாபாரம் கடையோடு முடிந்துவிடும். கத்தி விற்றால், வாங்கியவர் பிடிபடும் இடத்துக்கெல்லாம் நாமும் போய் நிற்க வேண்டும். உத்தமபாளையம் பஜாரில் விவசாயச் சாமான் கடை வைத்திருக்கிறேன். மருந்தடிக்கிற மிஷின், கத்தரி, அரிவாள், பேனாக்கத்தி எல்லாம் உண்டு. ஊரில் எல்லாருக்கும் நான் ‘பாய்’தான். எனக்குத் தெரிந்த ஒரு வக்கீல் சொன்னபடி சட்டம் எளிமையானது: அலகு ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டு அங்குல அகலத்தையோ தாண்டினால் லைசென்ஸ் வேண்டும், வீட்டு வேலைக்கும் விவசாயத்துக்கும் வைத்திருந்தால் வேண்டாம். இந்த எளிமை வக்கீல் வீட்டு வாசலோடு சரி. பழம் வெட்டப் பையில் கத்தி போட்டுக்கொண்டு பஸ் ஏறி, வழியில் பையைத் திறக்கச் சொன்னதும் வியர்த்துப்போனவரா நீங்கள்? அப்படியென்றால் நீங்களும் நம்ம ஆள்தான்.

வாலோடு சேர்த்து அளந்தது

ஓடைப்பட்டி அய்யணன் திராட்சைத் தோட்டக்காரர். பந்தலில் கட்டு அறுக்க என்னிடம் ஒரு மடக்குக் கத்தி வாங்கினார். கொடிக்குள் விழுந்தால் தேடி எடுக்க வசதியாக அதன் பிடியில் ஒரு சிவப்புக் கயிறு கட்டியிருந்தார். வாகனச் சோதனையில் அது ஏட்டையா கண்ணில் பட்டுவிட்டது. ஏட்டையாவுக்கு ஒன்பது அங்குலக் கணக்கு தெரியும். அளக்கத்தான் கையில் ஒன்றுமில்லை. அய்யணனையும் கத்தியையும் கூட்டிக்கொண்டு நேராக என் கடைக்கு வந்து டேப் கேட்டார்.

மடக்கி அளந்தார், மிகச் சிறியதாக இருந்தது. முகம் வாடிவிட்டது. விரித்து, பிடியோடு சேர்த்து அளந்தார். அப்போதும் எட்டவில்லை. “அலகை மட்டும்தான் அளக்கணும்னு சொல்வாக ஏட்டையா” என்றேன். “கத்தின்னா முழுசும் கத்திதான பாய்?” என்றவர், கயிற்றையும் நீட்டிப் பிடித்து அளந்தார். ஒன்பதைத் தாண்டிவிட்டது. “இப்பச் சொல்லுங்க” என்று என்னைப் பார்த்தார். அய்யணன்தான் பதறாமல் கத்தியை வாங்கி, முடிச்சை அவிழ்த்து, கயிற்றை அவர் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “நீளமா இருக்கிறத நீங்க ஸ்டேஷனுக்குக் கொண்டு போங்க சார், குட்டையா இருக்கிறத நான் தோட்டத்துக்குக் கொண்டு போறேன்.”

அட்டைக்குள் இருந்தால் சரக்கு

ஒரு பெரிய தலைவர் எங்கள் பக்கம் வந்த நாள். கூர்மையான எதையும் ரோட்டில் விடக்கூடாது என்று உத்தரவு. அன்றைக்குப் பார்த்து ஒரு தோட்டத்தில் திராட்சை வெட்டு. கேரளாவுக்குப் போகிற லாரி நிற்கிறது, மேற்கே மேகம் கறுத்துக்கொண்டு வருகிறது. பழுத்த கொத்தில் மழை விழுந்தால் பழம் வெடித்துவிடும். ஒரு வருடப் பாடு மண்ணோடு போகும். பழம் வெட்டப் போன பெண்களின் வேனை நிறுத்தி, எல்லாருடைய கத்தரியையும் சாக்கில் கட்டி வைத்துவிட்டார்கள். “ஆளுக போகலாம், கத்தரி போகக்கூடாது.” வெறுங்கையால் பிய்த்தால் கொத்து சிதைந்துவிடும். தோட்டக்காரர் எனக்கு போன் போட்டபோது அழுகிற குரலில் பேசினார்.

இருந்த புதுக் கத்தரிகளை எல்லாம் வண்டியில் கட்டிக்கொண்டு போனேன். அதே இடத்தில் என்னையும் நிறுத்தினார்கள். பெட்டியைத் திறந்து பார்த்த எஸ்.ஐ., ஒவ்வொன்றும் அட்டையில் ஒட்டி பிளாஸ்டிக் போட்டிருப்பதைத் தடவிப் பார்த்தார். “இது சரக்கு. விடுங்க” என்றார். சாக்கில் இருந்ததும் இதே கத்தரி, இதே கடை. ஆனால் அது ஆயுதம். தோட்டத்தில் பெண்கள் அட்டையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஓடி ஓடி வெட்டினார்கள். கடைசிக் கூடை லாரியில் ஏறிய பிறகுதான் தூறல் விழுந்தது. தோட்டக்காரர் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நேரத்தில் பெண்களுக்குத் தலைவி பேச்சியம்மா, கிழித்த அட்டைகளைக் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தார். எதற்கு என்று கேட்டேன். “திரும்பிப் போகையிலயும் அங்கன அவுகதான நிப்பாக? திரும்ப ஒட்டிக் குடுங்க பாய், கத்தரி சரக்காவே வீடு வந்து சேரட்டும்.”

மேலே ஒருவன், கீழே ஒருவன்

சுருளி ஜீப் டிரைவர். தினமும் ஏலத் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிக்கொண்டு மலை ஏறுகிறவர். ஜீப்பில் ஒரு அரிவாளும் ஒரு பேனாக்கத்தியும் எப்போதும் கிடக்கும். அடிவாரச் செக்போஸ்ட்டில் வண்டியை நிறுத்துகிறவர், அரிவாளைப் பார்த்துவிட்டு “விவசாயம்” என்று விட்டுவிடுவார், பேனாக்கத்தியைப் பார்த்ததும், “மடக்கி ஒளிச்சு வைக்கிற சாமான் எதுக்குய்யா?” என்பார். மலைக்கு மேலே நிறுத்துகிற மலையாளத்துக்காரருக்குப் பேனாக்கத்தியில் ஆட்சேபணை இல்லை. அரிவாளைத்தான் எடுத்து வைத்துக்கொண்டு, “இது எந்தா?” என்று ஆரம்பிப்பார். சுருளி கடைசியில் அரிவாளை அடிவாரத்து டீக்கடையிலும் பேனாக்கத்தியை மேலே ஒரு பெட்டிக்கடையிலும் போட்டுவிட்டு, நடுவழியில் மரக்கிளை விழுந்தால் கையால் இழுத்துக்கொண்டிருந்தார். உள்ளங்கை முழுக்கச் சிராய்ப்போடு என்னிடம் வந்து புலம்பினார்: “கீழ பெருசு வச்சிருந்தா விவசாயி, சிறுசு வச்சிருந்தா ரவுடி, மேல அப்படியே உல்டா. வீட்டுக்குப் போகையில நான் யாருன்னு எனக்கே சந்தேகமா இருக்கு பாய்.”

யாரிடமாவது கத்தி இருக்கா?

எலெக்ட்ரீசியன் சேகரைப் பிடித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை. துபாய் வேலை கிடைத்து, பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை பாக்கி இருந்தது. வயர் சீவுகிற கத்தியோடு பஸ் ஸ்டாண்டில் நின்றவரைச் சந்தேகத்தில் கூட்டிப்போய்விட்டார்கள். வழக்கு என்று ஒன்று விழுந்தால் வேலை போச்சு. அவர் மனைவி கடைக்கு வந்து, வாயைத் திறந்தால் அழுதுவிடுவோம் என்று பயந்து கையைக் கையைக் காட்டினார். கத்தி என் கடையில் வாங்கியதுதான் என்று சொல்ல நானும் ஸ்டேஷனுக்குப் போனேன்.

நான் போய்ச் சேரும்போது ரைட்டர் கத்தியைத் துணியில் சுற்றி, சணல் கயிற்றால் பொட்டலம் கட்டி முடித்திருந்தார். மிச்சக் கயிறு தொங்கியது. பல்லால் கடித்தார், அறவில்லை. மேஜை டிராயரை எல்லாம் இழுத்துப் பார்த்துவிட்டு, பெஞ்சில் இருந்த எங்களைப் பார்த்து, “யாருகிட்டயாவது கத்தி இருக்கா?” என்றார். போலீஸ் ஸ்டேஷனில் உட்கார்ந்துகொண்டு ‘என்கிட்ட இருக்கு’ என்று எவன் சொல்வான்? அத்தனை பேரும் தரையைப் பார்த்தோம். சேகர் மட்டும் மெதுவாக, “நான் வச்சிருந்தேன் சார், அதத்தான் உள்ள வச்சுக் கட்டிட்டீக” என்றார்.

ரைட்டர் பொட்டலத்தைப் பிரித்து, கத்தியை எடுத்து, தொங்கிய கயிற்றை அறுத்தார். சரியாக அப்போது இன்ஸ்பெக்டர் உள்ளே வந்தார். “கையில என்னய்யா கத்தி?”

“கயிறு அறுக்க சார்.”

“அப்ப இவன் மட்டும் எதுக்கு வச்சிருந்தான்கிற?”

ரைட்டர் கத்தியை மேஜையில் வைத்தார். இன்ஸ்பெக்டர் சேகரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கத்தியைக் கொடுத்து அனுப்பிவிட்டார். வாசலில் சேகரின் மனைவி அப்போதுதான் வாய்விட்டு அழுதார். சேகர் இப்போது துபாயில் இருக்கிறார். அந்த ரைட்டர் மறுநாளே சாதாரண உடுப்பில் கடைக்கு வந்து, அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, ஒரு பேனாக்கத்தி வாங்கினார். “பில்லுல கத்தின்னு போட்ராதீக பாய், ஸ்டேஷனரின்னு போடுங்க.”

சம்மதமா?

ஊரில் ஒரு கத்திக்குத்து நடந்த பிறகு, கத்தி வாங்குகிறவரிடம் ‘எதுக்கு?’ என்று கேட்டுத்தான் கொடுக்க வேண்டும் என எனக்கு வாய்மொழி உத்தரவு வந்தது. பார்த்துக்கொள்ள ஒரு கான்ஸ்டபிளும் கடையில் நின்றார். வருசநாட்டிலிருந்து ஒரு அம்மா வந்து, நல்ல கூரான கத்தி கேட்டார். “எதுக்கும்மா?” என்றேன். அவசரத்தில் இருந்தவர், “எல்லாம் எங்க வீட்டு மனுசனுக்குத்தான்” என்றார். கான்ஸ்டபிள் நிமிர்ந்துவிட்டார். வீட்டுக்காரரைக் கூட்டி வந்தால்தான் ஆச்சு என்று நின்றார்.

எதிர்ச் சாரியில் பல் ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்திருந்தவரைக் கையைப் பிடித்துக் கூட்டி வந்தார் அந்த அம்மா. மனிதருக்குப் பல் பிடுங்கி, வாய் நிறையப் பஞ்சு. கொய்யாப்பழத்தை மெல்லிசாகச் சீவிக் கொடுக்கத்தான் கத்தியாம். கான்ஸ்டபிள் விடவில்லை. “ஐயா, பயப்படாம சொல்லுங்க. ஒங்க சம்மதத்தோடதான் வாங்குறாகளா?” என்றார். அவர் கண்ணில் நீர் வழிய ‘ம்ம், ம்ம்’ என்று என்னமோ முனகினார். வலியில் தலை வேறு பக்கவாட்டில் ஆடியது. கான்ஸ்டபிள் போனை எடுத்தார். அந்த அம்மா புருஷனைப் பிடித்து உலுக்கினார்: “யோவ், பஞ்சத் துப்பிட்டுப் பேசுய்யா, என்னைய உள்ள வச்சிருவாக போலருக்கு!”

சட்டம் எழுதியவர்கள் கத்தியின் நீளத்துக்கும் அகலத்துக்கும் அளவு போட்டுவிட்டு, அதைக் கையில் வாங்கிப் பார்க்கிறவரின் கற்பனைக்கு மட்டும் அளவு போட மறந்துவிட்டார்கள்.