சமபந்திக்கு மறுநாள்

திண்டிவனத்தில் நான் படித்த கலைக் கல்லூரி இப்போது இல்லை. சில ஆண்டுகள் நடந்து மூடப்பட்டது. அதன் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் பிற்பாடு மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் நிலக்கடலை மூட்டைகளை அடுக்கியிருந்ததைப் பார்த்தேன். அந்தக் கூடத்தில் இடம் இருந்ததா இல்லையா என்பதுதான் நான் எழுத வந்தது. நாள், கிழமைகளைப் பழைய பஞ்சாங்கங்களோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துவிட்டேன்.

நான் கோலியனூர்ப் பக்கத்துச் சேரியில் பிறந்தவன். அப்பா ஊர்க்காரர் ஒருவர் நிலத்தில் ஏர் ஓட்டினார். 1963 ஜூலையில் தகரப் பெட்டியோடு விழுப்புரத்தில் பாசஞ்சர் ஏறி வந்து, பி.ஏ. வரலாற்றில் சேர்ந்தேன். விடுதியில் எங்களைப் போன்றவர்கள் மூன்று பேர். மற்றவர்கள் நிலம் உள்ள வீட்டுப் பிள்ளைகள். "இது எல்லாருக்குமான கல்லூரி" என்று முதல்வர் மேடைதோறும் சொல்வார். பொய் என்று சொல்ல முடியாது. சேர்க்கத்தான் சேர்த்தார்கள்.

சாப்பாட்டுக்கு இரண்டு தடவை மணி அடிக்கும். முதல் மணிக்கு முதல் பந்தி, இரண்டாம் மணிக்கு இரண்டாம் பந்தி. நாங்கள் மூவர் மட்டும் எப்போதும் இரண்டாம் பந்தி. அப்படி எந்த விதியும் எழுதியிருக்கவில்லை. சேர்ந்த அன்றே வார்டன் அன்பாகச் சொன்னார்: "கூடத்துல இடம் பத்தலை தம்பி. நீங்க மூணு பேரு சித்த பொறுத்து உக்காருங்க."

பொறுப்பதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் காலையில் இரண்டாம் பந்தியில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடினாலும் முதல் வகுப்புக்குள் நுழையும்போது வருகைப் பதிவு முடிந்திருக்கும். அந்த ஆசிரியர் தாமதமாக வந்தவனுக்கு வருகை கொடுக்கமாட்டார். வருகை குறைந்தால் பரீட்சை எழுத முடியாது. எங்கள் தெருவில் அதுவரை எவரும் பி.ஏ. பரீட்சை எழுதியதில்லை. பசியோடு போகலாம் என்று சில நாள் முயன்றேன். உச்சி வேளைக்குள் கண் இருட்டிக்கொண்டு வந்தது.

ஆண்டுக்கொரு முறை, அக்டோபர் இரண்டாம் தேதி, சமபந்தி போஜனம். அன்று ஒரே பந்திதான். 1964-இல் அது வெள்ளிக்கிழமை. விடுதி மாணவர்கள், ஆசிரியர்கள், கல்லூரிக் கமிட்டியார், ஊர்ப் பிரமுகர்கள் எல்லாரும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தார்கள். எங்கள் மூவரையும் தேடிப் பிடித்து, ஆளுக்கொரு பிரமுகர் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். என் இலையில் வார்டனே பாயசம் ஊற்றினார். படம் எடுத்தார்கள். நான் கூடத்தை அளந்துகொண்டிருந்தேன். அத்தனை பேர் உட்கார்ந்த பிறகும் ஜன்னல் ஓரமாக ஒரு வரிசைக்கு இடம் மிச்சம் இருந்தது.

மறுநாள் காலை முதல் மணிக்குத் தட்டை எடுத்துக்கொண்டு போய் அந்த ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

யாரும் கத்தவில்லை. பக்கத்தில் இருந்தவன் தட்டைத் தூக்கிக்கொண்டு எதிர் வரிசைக்குப் போனான். அவனுக்கு அடுத்தவனும் போனான். சமையற்காரர் சாம்பார் வாளியோடு நடுவில் நின்றுவிட்டார்.

"ஏந்திருப்பா, பேஜாரு பண்ணாத. கிளாசுக்கு நேரமாவுது" என்றான் ஒருவன்.

"எனக்கும் அதே கிளாசுதான்" என்றேன்.

வார்டன் வந்தார். என் தோளைத் தொடாமல் கையைத் தோள் வரைக்கும் கொண்டுவந்தார்.

"இன்னா தம்பி இது?"

"இடம் இருக்குது சார். நேத்து ஊரே உக்காந்துச்சே."

"நேத்து விழாப்பா. இன்னிக்குப் புரட்டாசி சனி. பசங்க பெருமாளுக்கு விரதம் புடிச்சிக்கினு இருக்காங்க. வேற நாள் பாத்துக்கலாம், நான் சொல்றேன்ல?"

அது மூன்றாம் சனிக்கிழமை; உண்மைதான். எழுந்துவிட்டேன். வாசலில் நின்றிருந்தார் எங்கள் மூவரில் மூத்தவர். கண்டமங்கலத்துக்காரர், எதையும் கிண்டலாகவே சொல்வார். "நேத்து நீதான் மாப்ள. இன்னிக்குப் பந்தல் பிரிச்சிட்டாங்கடா, தெரியலையா ஒனக்கு?" என்றார்.

திங்கட்கிழமை மறுபடி போனேன். மகாளய அமாவாசை என்றார் வார்டன். அது முடிந்ததும் நவராத்திரி. பிறகு தீபாவளிக்கு விடுதி மூடியது. திறந்தபின் கார்த்திகை என்றார். ஐயப்பனுக்கு ஒருவன் மாலை போட்டிருந்தான். அப்புறம் மார்கழி. ஒவ்வொரு முறையும் காரணம் சரியாகவே இருந்தது. பஞ்சாங்கத்தில் தேடினேன், அவர் ஒரு நாளும் பொய் சொல்லவில்லை. நாள் பார்க்கும் இந்தப் பழக்கம் எனக்கு அப்போது தொற்றியது. மூத்தவர் கேட்பார்: "இன்னாடா, அய்யரே, இன்னிக்கு நாள் எப்டி? ஒக்காரலாமா?"

1965 ஜனவரியில் மொழிப் போராட்டம் வந்து கல்லூரிகள் மூடிக் கிடந்தன. திறந்தபோது வருகைக் குறைவுப் பட்டியலில் என் பெயர் இருந்தது. முதல்வர் மன்னித்துக் கையெழுத்துப் போட்டால்தான் இரண்டாம் ஆண்டுப் பரீட்சை. அவர் அறையில் நின்று, முதல் பந்தியில் இடம் கொடுத்திருந்தால் இந்தக் குறைவு வந்திருக்காது என்றேன். கவனமாகக் கேட்டார். தலையை ஆட்டினார். கையெழுத்தும் போட்டார்.

பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்: "ஒன்னை மாதிரிப் பையன்களாலதான் இந்தக் காலேஜுக்குப் பேரு. வர்ற அக்டோபர்ல மெட்ராஸ்லேருந்து பெரிய மனுஷர் ஒருத்தர் வர்றார். அவர் பக்கத்துல நீதான் உக்காரணும். என்ன?"

"சரிங்க சார்" என்றேன். பரீட்சை எழுதினேன், தேறினேன். பாக்கி ஓராண்டு இருந்தது.

1965 அக்டோபர் இரண்டு. பாகிஸ்தான் யுத்தம் நின்ற புதிது, அரிசிக்குத் தட்டுப்பாடு. ஆனாலும் சமபந்தி நடந்தது. சென்னைப் பெரியவருக்கு வலப்பக்கம் நான். சென்ற ஆண்டு தட்டைத் தூக்கிக்கொண்டு போனவன் எனக்கு நேர் எதிரே. வார்டன் குனிந்து பொரியல் வைத்தபோது மெதுவாகச் சொன்னேன்: "சார், இன்னிக்குப் புரட்டாசி மூணாவது சனி. நவராத்திரியும் கூட."

வார்டனின் கரண்டி ஒரு கணம் நின்றது. பெரியவர் திரும்பினார். "பையன் என்ன சொல்றான்?"

"விசேஷமான நாளுன்னு சொல்றான் சார்."

"பேஷ்! பெருமாளுக்கு உகந்த நாளாச்சே" என்று பெரியவர் என் முதுகில் தட்டினார். அந்தக் கணத்தில் படம் எடுத்தார்கள். எதிரே இருந்தவன் பாயசம் கேட்டு வாங்கிக்கொண்டிருந்தான். விரதம் என்று அன்று ஒருவனும் எழுந்து போகவில்லை.

மாலையே மற்றவர்கள் ஆயுத பூஜை விடுமுறைக்கு ஊர் போய்விட்டார்கள். நாங்கள் மூவர் போகவில்லை. பூஜை போட எங்கள் வீடுகளில் சொந்த ஏரோ மண்வெட்டியோ கிடையாது. விடுதியில் இருந்தால் படிக்கவாவது செய்யலாம்.

மறுநாள் ஞாயிறு. முதல் மணி அடித்தது. வகுப்பில்லை, கூடத்தில் ஆளில்லை. மூவரும் தட்டோடு உள்ளே போனோம்.

சமையற்காரர் எங்களைப் பார்த்துத் தயங்கினார். கெட்டவர் இல்லை, எங்களுக்கு அடிச்சோறு வராமல் பார்த்துக்கொண்டவர். "இது மொத மணிப்பா" என்றார்.

மூத்தவர் வெறும் கூடத்தைக் கையால் சுற்றிக் காட்டினார். "யாருக்கண்ணே அடிச்சீங்க?"

"வார்டன் சொல்லாம நான் இன்னா பண்றது? பொழப்பக் கெடுத்துடாதீங்கப்பா. சித்த வெளிய இருங்க, ஜல்தியா அடிச்சிடறேன்."

மூத்தவருக்கு அன்று கிண்டல் வரவில்லை. வெளியே வந்து நின்றோம். ஆளில்லாத பந்தி முடியும்வரை சமையற்காரர் உள்ளே காத்திருந்தார். பிறகு இரண்டாம் மணி அடித்தார். நாங்கள் போய்ச் சாப்பிட்டோம்.