அவள் தூக்கிய கட்டை விரல்

என் மனைவி முதன்முதலாகக் கடலுக்கு அடியில் இறங்கியபோது, பொய் சொல்லி அவளைப் பாதியிலேயே மேலே வரவழைத்தேன். அது அவளுடைய தவறால் நடந்தது என்று ஆறு வருடங்கள் அவளையே நம்பவும் வைத்தேன். முதல் குற்றத்தைவிட இரண்டாவதுதான் பெரிது என்பது இப்போது புரிகிறது.

நான் பள்ளியில் இயற்பியல் நடத்தியவன். ஓய்வு பெற்றபோது, அம்பத்தூரில் ஐ.டி. வேலையில் இருக்கும் எங்கள் மகள் எங்கள் இருவரையும் அந்தமானுக்கு அனுப்பிவைத்தாள். முதுகில் காற்று உருளையைக் கட்டிக்கொண்டு பவளப்பாறைகளைப் பார்த்துவரும் ஸ்கூபா டைவிங்கும் அந்தப் பயணத்தில் சேர்த்தி. நீச்சல் தெரியாதவர்களைக்கூட ஆளுக்கொரு பயிற்சியாளர் பிடித்துக்கொண்டு கூட்டிப்போவார்.

என் மனைவி ராயபுரத்தில் பிறந்தவள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டினார். "பொறந்ததுலேர்ந்து கடலோட முதுவத்தான் பாத்துகினு கீறேன். ஒருவாட்டி அது மூஞ்சியப் பாத்துட்டு வரணுங்க" என்றாள். தண்ணீருக்குள் வாயால்தான் மூச்சு விடவேண்டும் என்று மகள் சொன்ன நாளிலிருந்து, ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டில் உள்ள எங்கள் வீட்டில் துணி கிளிப்பை மூக்கில் மாட்டிக்கொண்டு டிவி பார்த்தாள். ஒருநாள் கதவைத் திறந்தபோது கிளிப்பைக் கழற்ற மறந்துவிட்டாள். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்தவர் சிரிப்பை அடக்கமுடியாமல் தெருவுக்கே போய்விட்டார்.

தீவில் எங்களுக்குச் சைகைகள் சொல்லிக்கொடுத்தார்கள். கட்டை விரலையும் சுட்டு விரலையும் வளையமாகச் சேர்த்தால் நலம். கட்டை விரலை மட்டும் மேலே தூக்கினால், மேலே போகவேண்டும். அவர்கள் இந்தியில் பேசினார்கள். ஆவடியில் பட்டாளத்துக்காரர்களின் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்த காலத்தில் நான் இந்தி கற்றிருந்தேன். அவளுக்கு ஒரு சொல்லும் தெரியாது. நான்தான் அவளுக்கு வாயும் காதும்.

நீரின் அழுத்தத்தைப் பற்றி முப்பது வருடம் பாடம் நடத்தியவன், அந்த அழுத்தம் காதில் ஏறியதும் நடுங்கிப்போனேன். என் மூச்சுச் சத்தமே எனக்கு ஆகவில்லை. முகக்கண்ணாடிக்குள் புகை போல ஆவி படிந்தது. கண்டபடி கட்டை விரலைத் தூக்கினேன். மூன்று நிமிடத்தில் படகில் கிடந்தேன்.

படகின் ஓரத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கொஞ்ச தூரத்தில், அவள் இருக்கும் இடத்தில், காற்றுக்குமிழ்கள் நிதானமாக மேலே வந்துகொண்டிருந்தன. அவள் பயப்படவில்லை. அந்தக் குமிழ்களைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அவளுக்காகப் பயந்தேன் என்று இங்கே எழுதினால் அது இன்னொரு பொய். நான் மட்டும் தோற்று உட்கார்ந்திருப்பதை என்னால் தாங்கமுடியவில்லை, அவ்வளவுதான். படகின் பொறுப்பாளரிடம், காலையில் அவளுக்கு நெஞ்சு வலித்தது, மறைத்துவிட்டாள், என்று இந்தியில் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது. உடனே ஒரு ஆளைக் குதிக்கச் சொன்னார்.

அவள் தலை நீருக்கு மேலே வந்ததும் முதலில் கேட்டது: "இன்னாங்க ஆச்சு? ஏன் இஸ்துகினு வந்துட்டாங்க?"

"நீ கட்டை விரலைத் தூக்கினியா?" என்றேன். ஏன் அப்படிக் கேட்டேன் என்று தெரியவில்லை. ஏதாவது சொல்லவேண்டியிருந்தது.

அவள் யோசித்தாள். "ஐயய்யோ, ஆமாங்க. பச்சையும் ஊதாவுமா ஒரு மீனு வந்துச்சு. கூட வந்த பையன்கிட்ட சூப்பர்னு காட்டினேன்."

"அதான். மேல போகணும்னு அர்த்தம் ஆயிடுச்சு."

அந்தப் பையன் அதைப் பாராட்டென்றே எடுத்துக்கொண்டிருக்கவேண்டும்; அவளை இழுத்துவந்தது நான் அனுப்பவைத்த ஆள். அவள் நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தாள். பொறுப்பாளர் தன் நெஞ்சைத் தொட்டுக்காட்டி, வலிக்கிறதா என்று இந்தியில் கேட்டார். சந்தோஷமா என்று கேட்கிறார் என நினைத்து அவளும் தன் நெஞ்சைத் தொட்டுத் தலையாட்டினாள். "திரும்ப ஒருவாட்டி உடுவாங்களா, கேளுங்களேன்" என்றாள். நான் கேட்கவில்லை. "இன்னைக்கு முடிஞ்சிதாம்" என்றேன். கரை சேரும்வரை கடலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

ஊர் திரும்பியதும் அது குடும்பத்துக் கதையாகிவிட்டது. ஞாயிறு பூசை முடிந்து மகளும் மருமகனும் சாப்பிட வருவார்கள். குழம்பு எப்படி என்று அவள் கேட்டால் மருமகன், "சூப்பர் அத்தை. ஆனா விரல மட்டும் காட்ட மாட்டேன், மாடிக்கு இழுத்துட்டுப் போயிடுவாங்க" என்பார். எல்லோரும் சிரிப்போம். அவளும் சிரிப்பாள். ஆனால் வாட்ஸ்அப்பில்கூட அவள் கட்டை விரல் படம் போடுவதை விட்டுவிட்டாள் என்பதை நான் மட்டும் கவனித்தேன். கைகூப்பும் படம்தான் போடுவாள், பால்காரருக்குக்கூட.

மாதா கோவிலில் சாமியாரிடம் இந்தப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அவர் மூன்று செபம் சொல்லச் சொன்னார். சொன்னேன். ஒன்றும் குறையவில்லை.

போன வருடம் மகள், "அம்மா, இன்னொரு தடவை போயிட்டு வாங்களேன்" என்றாள். கூடத்தில் இருந்த எனக்கு மனைவியின் பதில் கேட்டது.

"வேணாம்மா. நான் ஒரு அவசரக்குடுக்க. எது கெடச்சாலும் நானே கெடுத்துக்குவேன்."

அவள் அவசரக்காரி அல்ல. என் பொய்தான் அவளை அப்படி நினைக்கவைத்திருந்தது. மறுநாள் காலை அவள் நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தபோது, எதிரே உட்கார்ந்து, நடந்ததை நடந்தபடி சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. நாலைந்து மீன் ஆய்ந்து முடித்தாள்.

"நெஞ்சு வலின்னா சொன்னீங்க?"

"ஆமா."

"மாப்ள சிரிக்கறப்போ நீங்களும் கூட சேந்துதான சிரிச்சீங்க?"

"ஆமா."

"பயந்துகினு மேல வந்துட்டேன், நீயும் வந்துடுன்னு ஆள் அனுப்பியிருந்தா, நானே வந்திருப்பேனே உங்களாண்ட."

 

அந்த ஞாயிறு, சாப்பாட்டு மேசையில், மகள் மருமகன் முன்னால் எல்லாவற்றையும் சொன்னேன். மகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்துபோனாள். மருமகன், "அத்தை, நான் தெரியாம..." என்று தொடங்கி நிறுத்தினார். "நீ சாப்புடு நைனா" என்று அவள் அவருக்கு இன்னும் இரண்டு கரண்டி குழம்பு ஊற்றினாள்.

பிறகு அவளை இதய மருத்துவரிடம் அழைத்துப்போய், அவள் இறங்கலாம் என்று எழுதி வாங்கினேன். அதே தீவுக்குப் போனோம். படகு புறப்படும் முன், பழைய பொறுப்பாளரைத் தேடிப்பிடித்து, அன்று நான் சொன்னது பொய் என்றேன். அவருக்கு எங்களை நினைவே இல்லை. ஆனாலும் சொன்னேன்.

"நீங்க போட்ல வராதீங்க" என்றாள் அவள்.

கரையில் உட்கார்ந்திருந்தேன். படகு திரும்பியபோது, முகக்கண்ணாடி அழுத்திய தடத்தோடு, உதடு உப்பி, தள்ளாடி இறங்கினாள். முழு நேரமும் கீழே இருந்திருக்கிறாள்.

"என்னம்மா பாத்த?"

"நல்லா இருந்துச்சு."

அவ்வளவுதான். மகளிடம் போனில் அரைமணி நேரம் பேசினாள். ஊர் வந்ததும் பக்கத்துவீட்டு அம்மாவிடம், நீல உதடு விரித்து மூடும் ஒரு சிப்பியைக் கையாலேயே செய்துகாட்டினாள். நான் அருகில் போனால், "அப்பறம் பேசறேன்" என்று முடித்துவிடுவாள். கேட்க எனக்கு உரிமை இல்லை என்று விட்டுவிட்டேன்.

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் அவளுக்கு வலது காது அடைத்துக்கொண்டது. கோவில்பதாகையில் இருக்கும் காது டாக்டர், உப்புத் தண்ணீர் தங்கி வீங்கியிருக்கிறது என்று ஐந்து நாளைக்குச் சொட்டு மருந்து கொடுத்தார். மருந்து விட்டபிறகு பத்து நிமிடம் அப்படியே படுத்திருக்கவேண்டும். அவள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, என் மடியில் தலைவைத்தாள். சொட்டு விட்டேன். முடியை ஒதுக்கிப் பிடித்துக்கொண்டு, "மன்னிச்சிடும்மா" என்றேன்.

"காதுல மருந்து கீது. ஒண்ணும் கேக்கல."

மறுநாளும் சொன்னேன். மறுநாளும் அவளுக்குக் கேட்கவில்லை. ஐந்து நாளும் அப்படியே போனது. வீக்கம் வடிந்தது. காலியான குப்பியைக் குப்பையில் போட்டேன்.

ஆறாம் நாள் மாலை, நாளிதழைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வந்து கட்டிலில் ஒருக்களித்துப் படுத்து, என் மடியில் தலைவைத்தாள்.

"மருந்து தீந்துபோச்சே" என்றேன்.

"தெரியும். நீங்க சொல்றத சொல்லுங்க."