வெளிப்பக்கம் சாய்ந்த வளைவு

ஸ்கூட்டரோடு நான் விழுந்த அன்று, தூக்கிவிட்ட டீக்கடைக்காரர் கன்னடம் கலந்து முதலில் சொன்னது இதுதான்: "ஸ்வல்ப மெதுவா போகக்கூடாதா அக்கா?" நான் மெதுவாகத்தான் போனேன். நீலசந்திராவிலிருந்து பொம்மசந்திரா ஃபேக்டரிக்கு தினமும் போகிறவள் நான். லேசாகத் தூறல். புதுத் தார். வளைவில் திரும்பினேன். யாரோ பிடித்து இழுத்த மாதிரி சக்கரம் வெளிப்பக்கம் வழுக்கியது.

முட்டி வீங்கிப் படுத்திருந்தபோது மாமியார் வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"பொம்பளைக்கு இன்னாத்துக்கு வண்டி? கம்பெனி பஸ்ல போ."

அந்த வண்டி வந்த பிறகுதான் எங்கே போகிறேன், எப்போது வருவேன் என்று யாரிடமும் சொல்லாமல் வாழ்ந்தேன். சாவி எனக்கு வேண்டும். அது போனால் எல்லாம் போச்சு.

என் வீட்டுக்காரர் ரோடு காண்ட்ராக்டரிடம் சர்வே வேலை பார்க்கிறார். ஆறுதல் சொல்ல வராது, பாடம் எடுக்க வரும். கையும் வீங்கியதால் நான் கழற்றி வைத்த வளையல்களை எடுத்துக் கட்டில்மேல் பரப்பினார்.

"ஒரே வளையலோட ஓரம் மாதிரி போனா சிம்பிள் கர்வ். பெரிய வளையலும் சின்ன வளையலும் ஒட்டினா காம்பவுண்ட், போகப் போக டக்குனு இறுகும். எதிரெதிரா வெச்சா ரிவர்ஸ், எஸ் மாதிரி. நேர் ரோட்டைக் கொஞ்சம் கொஞ்சமா வளைச்சு உள்ள விட்டா டிரான்சிஷன்."

"என் முட்டி உடைஞ்சது எதுல?"

"அது சாதா சிம்பிள். அதுல போயி எவளாவது வுழுவாளா? வெளிப்பக்கம் உசத்தி, உள்பக்கம் தாழ்த்திதான் போடுவோம். வண்டிய ரோடே தாங்கிக்கும்."

சொல்லிவிட்டு அவர் சிரித்த சிரிப்பைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கால் ஊன்ற முடிந்ததும் அவருடைய பைக்கிலேயே அங்கே கூட்டிப்போகச் சொன்னேன். வளைவின் நடுவில் என் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்தேன். தண்ணீர் உள்பக்கம் வரவில்லை. நான் வழுக்கிய வெளிப்பக்கம் பார்த்தே ஓடியது. அவர் குனிந்து தாரைத் தடவிப் பார்த்தார்.

உள்பக்கம் இருந்த கடையிலிருந்து டீக்கடைக்காரர் சிரித்தார்.

"என்னக்கா, ரோட்டுக்கு அபிஷேகமா? முன்னெல்லாம் மழை பெஞ்சா தண்ணி கடைக்குள்ள வரும். தார் போட வந்தவங்களுக்கு டீயும் பன்னும் குடுத்து, நாங்கதான் இந்தப் பக்கம் ஏத்திப் போடச் சொன்னோம். இப்ப ஒரு சொட்டு வரல."

பெருமையாகச் சொல்கிறார்! விழுகிறவர்களைத் தூக்கிவிட்டு புத்தி வேறு சொல்கிறார்.

"கடைக்குள்ள தண்ணி வந்தா தொடைச்சுக்கலாம்யா. என் முட்டிய எதால தொடைக்கறது?" என்று கத்தினேன். அவர் உள்ளே போய்விட்டார்.

வீட்டுக்காரர் பக்கம் திரும்பினேன். "நீங்களும் இப்படித்தான் போடறீங்களா?"

"ஜனங்க கேட்டா கொஞ்சம் ஏத்திக் குடுப்போம். சாக்கடையே இல்ல, அவங்கதான் இன்னா பண்ணுவாங்க?"

"யோவ், வளையல வெச்சு அவ்ளோ பாடம் எடுத்தியே, இதை ஏன்யா சொல்லல? உங்கம்மாகிட்ட நீயே வந்து சொல்லு."

வீட்டுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டே சொன்னார்: "தப்பு ரோட்டுமேலம்மா. சாவியக் குடு."

"ரோடு போடறவன் பொண்டாட்டியே ரோட்டுல வுழறா. நல்ல பொழப்புடா," என்று மாமியார் சாவியைக் கட்டில்மேல் வீசினார். இன்னும் அங்கேயே கிடந்த வளையல்களுக்கு முன் அதைத்தான் எடுத்தேன்.

வளைவு இன்னும் அப்படியேதான் கிடக்கிறது. பின்னால் ஹாரன் அடித்தாலும் நான் அங்கே ஊர்ந்துதான் போகிறேன். போன மழைக்கு எனக்கு முன்னால் போன ஒரு பெண் அங்கே விழுந்தாள். டீக்கடைக்காரர் ஓடிவந்தார். "ஸ்வல்ப மெதுவா" என்று அவர் ஆரம்பித்ததுமே வண்டியை நிறுத்தினேன்.

"வாய மூடிட்டுத் தூக்குயா!"

பேசாமல் தூக்கினார். அந்தப் பெண்ணின் வண்டிச் சாவி ரோட்டில் கிடந்தது. எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.