ஹாலுக்கு வந்த இன்ஸ்பெக்‌ஷன்

ஆஸ்டின் டவுனில் எங்கள் தெருமுனைக் கட்டடத்துக்குப் பலகையில் நீளமாக ஒரு பெயர் உண்டு. தெருவில் யாரும் அதைச் சொன்னதில்லை. எல்லோருக்கும் அது ஹால்தான். கல்யாணம், வளைகாப்பு, சாவுக்கு வந்தவர்களுக்குச் சாப்பாடு, மாலையில் எங்களுக்கு டியூஷன், எல்லாம் அங்கேதான். மங்களூர் ஓட்டுக் கூரை, தடித்த சுண்ணாம்புச் சுவர். வாசல் பக்கத்துப் பெரிய சன்னலுக்கு மேல் கூரான தொப்பி மாதிரி ஒரு மரச்சட்டம் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் மெல்லிய மரப்பட்டைகளை வரிசையாக அடித்திருந்தார்கள். பாதி உளுத்துப் போயிருந்தது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்தபோது ஹாலை இடித்துவிட்டு நாலு மாடிக்குக் கடைகள் கட்டப் போவதாகப் பேச்சு வந்தது. தெருக்காரர்கள் மனு கொடுத்தார்கள். பழைய கட்டடங்களைப் பாதுகாக்கிற அலுவலகத்திலிருந்து பதில் வந்தது, கன்னடத்தில். எங்கள் தெருவில் எல்லோரும் கன்னடம் நன்றாகப் பேசுவார்கள். படிக்கத்தான் ஆளில்லை. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் நான், அங்கே கன்னடமும் படித்தேன். ஆகவே ஹால் வாசலில் என்னை நாற்காலிமேல் ஏற்றிப் படிக்கச் சொன்னார்கள். அதிகாரி ஒருவர் வந்து கட்டடத்தைப் பரிசோதிப்பார், காப்பாற்றத் தகுந்தது என்றால் பட்டியலில் சேர்ப்பார்கள், அதன்பின் இடிக்க முடியாது என்று இருந்தது.

படித்ததோடு நிறுத்தியிருக்கலாம். வந்து என்னத்தைப் பார்ப்பார்கள் என்று மாமா கேட்டார். எனக்குத் தெரிந்த பரிசோதனை பள்ளிக்கூடத்து இன்ஸ்பெக்‌ஷன் ஒன்றுதான். அதற்கு முந்தின வாரம் சுவருக்கு வெள்ளையடிப்பார்கள், உடைந்த பெஞ்சுகளைக் கொண்டுபோய் மறைத்துவிடுவார்கள்.

"எல்லாம் புதுசா, நீட்டா இருக்குதான்னு பாப்பாங்க மாமா" என்றேன், எல்லாம் தெரிந்தவனாக.

மாமா அம்மாவின் தம்பி. பெயிண்டர். நான் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பா இறந்துவிட்டதால் எங்களோடுதான் இருந்தார். ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு பங்களாவுக்கு அடித்து மிஞ்சிய ரோஸ் டிஸ்டெம்பரைக் கேட்டு வாங்கிவந்தார். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் ஹால் பங்களாவின் நிறத்துக்கு வந்துவிட்டது. உளுத்த சட்டம் மட்டும் பொருந்தாமல் நின்றது. அதையும் பிடுங்கி, அந்த வாரம் நடந்த ஒரு காதுகுத்துக்குச் சமையல் அடுப்பில் வைத்துவிட்டார்கள். தெருவே மாமாவைப் புகழ்ந்தது.

பரிசோதனைக்கு வந்த மேடம் சுவரைப் பார்த்தார். பிறகு சன்னலுக்கு மேலே சட்டத்தைப் பிடுங்கிய தடத்தை வெகுநேரம் பார்த்தார். இங்கிருந்த மங்கி டாப் எங்கே என்று கேட்டார். அதற்கு அப்படியொரு பெயர் இருப்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். குரங்கு என்றதும் பிள்ளைகள் நாங்கள் சிரித்தோம். ரொம்பப் பழசாக இருந்தது, எடுத்துவிட்டோம் என்று மாமா பெருமையாகச் சொன்னார்.

மேடம் படியில் உட்கார்ந்துவிட்டார். திட்டவில்லை. டிஸ்டெம்பரைச் சுரண்டிவிடலாம், அடியில் சுண்ணாம்பு இருக்கும். ஆனால் அந்த மரத்தொப்பிதான் இந்த ஹாலுக்கே அடையாளம், ஊரில் மிச்சமிருப்பவை கொஞ்சம்தான் என்றார். அது எப்படி இருந்தது என்று தெளிவாகக் காட்டுகிற படம் கிடைத்தால் அதே மாதிரி செய்து வைக்கலாம், இல்லையென்றால் இது வெறும் ஓட்டுக்கட்டடம் என்று எழுதத்தான் வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

"உங்கிட்ட உட்டா பேலஸுக்கே டிஸ்டெம்பர் அடிச்சிருப்பியேடா" என்றார் டீக்கடைக்காரர். யார் சொல்லி இதைச் செய்தாய் என்று கேட்டவர்களிடம் மாமா என் பெயரை எடுக்கவில்லை. மறுநாளிலிருந்து வேலைக்கு ஹால் வழியாகப் போகாமல் பின்சந்தில் சுற்றிக்கொண்டு போனார். வீட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

வீடு வீடாகக் கல்யாண ஆல்பங்களைப் புரட்டினார்கள். எல்லாம் உள்ளே மேடையில் எடுத்தவை. வெளியே எடுத்தது ஒன்றே ஒன்று, எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியது. அம்மாவின் கல்யாணத்தன்று கரண்ட் போய்விட்டதால் போட்டோக்காரர் இரண்டு பேரையும் வெளியே கூட்டிவந்து சன்னலுக்குக் கீழே நிறுத்தி எடுத்திருந்தார். எங்களிடம் அப்பா இருந்த ஒரே படமும் அதுதான். சுவரின் ஈரம் ஏறிப் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கண்ணாடியும் மங்கிப்போய், முகங்கள் தெரிந்தாலும் மேலே பட்டைகளை எண்ண முடியவில்லை. செல்போனில் எடுத்தும் பயனில்லை.

மாமா பிரேமைக் கழற்றிப் பார்த்துவிட்டுத் திரும்ப ஆணியில் மாட்டப் போனார்.

"வேணாங்க்கா. பிரிச்சா கண்ணாடியோட வந்துடும். அவரு மூஞ்சி போயிடும்."

அம்மா கையிலிருந்த அரிசி முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவரு மூஞ்சி எனக்குத் தெரியும். நீ பிரிடா."

அந்தப் படத்தில் தவிர வேறெங்கும் அதைப் பார்த்தறியாதவன் அந்த வீட்டில் நான் ஒருவன்தான். அது எனக்கு அப்போது தோன்றவேயில்லை. பட்டைகளை முதலில் யார் எண்ணுவது என்ற அவசரத்தில் மாமாவின் தோள்மேல் ஏறிக்கொண்டிருந்தேன். ஈரத்துணியும் பிளேடும் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு மாமா உரித்தார். சன்னல் முழுசாக வந்தது. அம்மாவும் வந்தாள். அப்பா இருந்த இடம் வெள்ளையாக வந்தது. பதினொன்று என்று நான்தான் முதலில் கத்தினேன். மாமா எழுந்து வெளியே போய்விட்டார். அம்மா அந்தக் கண்ணாடியைப் பழைய புடவையில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தாள். கையைக் கிழிக்கும், தூக்கிப்போடு என்று அவளுக்குப் புத்தி சொன்னேன்.

படம் மேடத்திடம் போயிற்று. ஹால் பட்டியலில் சேர்ந்தது. பழைய அளவிலேயே புதுத் தொப்பி செய்து மாட்டிய அன்று தெரு முழுக்க வாசலில் கூடியது. ரோஸைச் சுரண்டியவரும் மாமாதான், கூலி வாங்காமல். டீக்கடைக்காரர் ஒரு கிளாஸை அவர் கையில் திணித்து என்னவோ சொல்ல, அந்தக் கல்யாணப் படம் எடுத்த அதே இடத்தில், சன்னலுக்குக் கீழே நின்றுகொண்டு மாமா நெடுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பட்டைகள் மேலே இருக்கின்றன, இவள் கீழேயே பார்க்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "அங்க இல்லம்மா, மேல பாரு" என்று அவள் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினேன்.