ஒன்பதாவது கிலோமீட்டரில் பிடிக்கும் பிரேக்

என் அண்ணன் பைக் மெக்கானிக். ஆட்டம் என்றாலே அவனுக்கு ஆகாது. கதவு, நாற்காலிக் கால், அடுப்புக் குமிழ், எது லேசாக ஆடினாலும் ஸ்பேனரோடு வந்து நின்றுவிடுவான். வீட்டில் அவன் மூடிய குழாயை அவனேதான் வந்து திறக்க வேண்டும். "பல்லு விளக்கணும், உங்க அண்ணனை எழுப்பு" என்பாள் அம்மா. கடைத்தெருவில் அவனுக்கு 'இறுக்கண்ணன்' என்று பெயர். அதைப் பாராட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

நான் டயாலிசிஸ் பிரிவில் டெக்னீஷியன். காலை ஆறு மணிக்கு வேலை. ஆஸ்பத்திரி பதினாறு கிலோமீட்டர்; அந்த நேரத்தில் பஸ் கிடையாது, பைக்தான் கதி. அந்த பைக்தான் ஒரு மாதமாக என் உயிரை வாங்கியது. ஒன்பதாவது கிலோமீட்டர் வந்தால் முன் பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். வண்டி முனகும், இழுக்கும், கடைசியில் நின்றே போகும்.

கொடுமை என்னவென்றால், அண்ணனுக்கு போன் போட்டு அவன் வந்து சேர்வதற்குள் எல்லாம் ஆறிவிடும். அவன் தொட்டதும் சக்கரம் சமர்த்தாகச் சுற்றும். அப்போது அவன் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே, எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நீ பிரேக் லீவர்ல விரலை வச்சுக்கிட்டே ஓட்டற."

"வைக்கல."

"வைக்காம எப்படிப் பிடிக்கும்? வண்டிக்குப் பேயா பிடிச்சிருக்கு?"

முதல் தடவை சக்கரத்தருகே இருக்கும் காலிப்பரைக் கழற்றிக் கழுவினான். அடுத்த தடவை பேடும் ரப்பர் சீலும் மாற்றினான். அப்புறம் பிரேக் ஆயில் போகும் குழாயையே புதிதாகப் போட்டான். ஒவ்வொரு முறையும் தெருக்கோடி வரை ஒரு சுற்று ஓட்டிவிட்டு, "வெண்ணெய் மாதிரி போகுது" என்று சாவியை நீட்டுவான். தெருக்கோடி போதாது, ஆஸ்பத்திரி வரை ஓட்டிப் பார் என்று நான் தொண்டை கிழியக் கத்தியதைக் காது கொடுத்துக் கேட்கவில்லை.

நான் போய் இயந்திரத்தைத் தயார் செய்தால்தான் நோயாளியைப் படுக்க வைக்க முடியும். எவ்வளவு சீக்கிரம் கிளம்பியும் இரண்டு முறை தாமதமாகப் போய்விட்டேன். வேலை நிரந்தரமாக இன்னும் ஒரு மாதம் பாக்கி. "மூணாவது தடவை லேட்டானா, நீ வரவே வேண்டாம்மா" என்று தலைமை நர்ஸ் சொல்லிவிட்டார். அன்று வீட்டுக்கு வந்து அழுதேன்.

"இவ வேலை போச்சுன்னா உன் கடையிலதான் கொண்டுவந்து உட்கார வைப்பேன். நீயே சமாளி" என்றாள் அம்மா அவனிடம்.

மறுநாள் நான் கிளம்பும்போது ஸ்பேனர் பையோடு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். "விரலை எங்க வைக்கறேன்னு நானே பார்க்கறேன்."

பார்த்தான். மேடு பள்ளம் வந்தபோது தவிர நான் லீவரைத் தொடவே இல்லை. ஒன்பதாவது கிலோமீட்டரில் வண்டி முனகியது, இழுத்தது, நின்றது. மணி ஐந்து நாற்பது.

"தள்ளு பார்ப்போம்" என்றேன்.

தள்ளினான். அசையவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து, காலிப்பரில் ஆயிலை வெளியே விடும் சின்ன நிப்பிளை லேசாகத் திருகினான். ஆயில் பீய்ச்சி அடித்தது, சக்கரம் விடுபட்டது. "கோளாறு கீழ இல்ல. மேல இருந்து அழுத்திக்கிட்டே இருக்கு" என்று முணுமுணுத்தபடி நிப்பிளை இறுக்கிவிட்டு எழுந்து லீவரைக் கழற்றினான். கழற்றியவன் அப்படியே நின்றுவிட்டான். ஆயிலை அழுத்தும் பிஸ்டனை லீவர் தள்ளும் முனையில் ஒரு தகரத் துண்டு ஒட்டியிருந்தது.

"இது என்ன?"

அவன் தகரத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, உன்னைத்தான் கேக்கறேன்."

"லீவர் லொடலொடன்னு ஆடிச்சு. போன மாசம் நான்தான் வச்சேன்."

அந்த ஆட்டம் வேண்டுமாம். அது இருந்தால்தான் கையை எடுத்ததும் பிஸ்டன் முழுதாகப் பின்னால் வருமாம். சூட்டில் விரியும் ஆயில் மேலே இருக்கும் கிண்ணத்துக்குத் திரும்புமாம். இவன் தகரத்தை வைத்து அடைத்ததால் அது போக வழியில்லாமல் சக்கரத்தைப் பிடித்திருக்கிறது. அவன் விளக்க விளக்க, அவனை அங்கேயே நடுரோட்டில் விட்டுவிட்டுப் போகலாமா என்றிருந்தது எனக்கு. ஒரு மாதம் என் விரலைக் குற்றம் சொன்னவன்.

தகரத்தைப் பிடுங்கி, லீவரை மாட்டி, நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆறு பத்து. தலைமை நர்ஸ் வாசலிலேயே நின்றிருந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணன் முன்னால் போனான். கறை படிந்த கையில் அந்தத் தகரம்.

"மேடம், மூணு தடவையும் இவ லேட்டானதுக்கு நான்தான் காரணம். இவ சொன்னதெல்லாம் சரி. நான்தான் கேக்கல."

பிறந்ததிலிருந்து அவன் வாயில் அப்படி ஒரு பேச்சை நான் கேட்டதில்லை. கோபம் போய்விட்டதா என்றால் இல்லை. தலைமை நர்ஸ் தகரத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"உள்ள போய் மெஷினைப் போடும்மா. டயாலிசிஸுக்குப் பெரியவர் ஒருத்தர் காத்துக்கிட்டிருக்கார்" என்றார்.

போன வாரம் வேலை நிரந்தரமானது. லீவர் இன்னும் லேசாக ஆடுகிறது. அண்ணன் தினமும் காலையில் அதை ஒரு விரலால் ஆட்டிப் பார்க்கிறான், முகத்தைச் சுளிக்கிறான், ஸ்பேனரை எடுக்காமல் உள்ளே போய்விடுகிறான்.