பெயின்ட்டில் எழுதிய பச்சை மிளகாய்

காய்கறி விற்கிறவளிடம் யாரும் "சௌக்கியமா?" என்று கேட்பதில்லை, "ஏன் இந்த விலை?" என்றுதான் கேட்பார்கள்.

நானும் ஒரு காலத்தில் அப்படிக் கேட்டவள்தான். கூலிம் தொழிற்சாலையில் பதினான்கு வருஷம் வேலை பார்த்தபோது, சம்பளத்துக்கு மறுநாள் சந்தைக்குப் போய் ஒவ்வொரு தக்காளியாக அழுத்திப் பார்த்து, கடைக்காரர் முகம் சுண்டிப் போகிறவரை பேரம் பேசியிருக்கிறேன். அந்தப் பாவம் சும்மா விடுமா? தொழிற்சாலையில் ஆள் குறைத்தார்கள். கையில் கிடைத்த பணத்தைப் போட்டு, லூனாஸ் காலைச் சந்தையில் ஒரு மேசை பிடித்துக் காய்கறி விற்க உட்கார்ந்தேன். என் வீட்டுக்காரர் அந்தோணிக்கு இதில் துளியும் நம்பிக்கை இல்லை. "கிறிஸ்மஸ் வரைக்கும் பாரு ஸ்டெல்லா. கட்டுப்படியாகலன்னா வேற ஃபேக்டரி பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டார். மறுபடியும் ஷிப்ட்டு, மறுபடியும் பன்னிரண்டு மணி நேரம் நின்றே வேலை என்று நினைத்தாலே என் முழங்கால் அழும். எனக்குக் கடைதான் வேண்டும். ஆகவே, விலை சொல்லித் திட்டு வாங்கும் சகோதர சகோதரிகளே, அந்த ஒரு வருஷம் நான் பட்ட பாட்டை உங்களிடம் சொல்லாமல் யாரிடம் சொல்வேன்?

போர்டு

முதல் மாதம் ஈ ஓட்டினேன். சந்தையில் எனக்கு முன்பே நான்கு காய்கறிக் கடைகள் இருந்தன. எல்லாருக்கும் நிரந்தர வாடிக்கை. நம் ஆட்களை இழுக்க என்ன வழி என்று யோசித்தேன். விலையைக் குறைத்தால் அழுகல் என்று நினைப்பார்கள். கொசுறு கொடுத்தால்? மற்ற கடைகளில் கேட்டால்தான் இரண்டு கறிவேப்பிலைக் காம்பு கிடைக்கும், அதுவும் முகத்தைச் சுளித்துக்கொண்டு. நான் கேட்காமலே கொடுப்பது என்று முடிவு செய்தேன். பச்சை மிளகாய் அப்போது எங்கள் ஊர்க் காசில் கிலோ ஏழு வெள்ளிதான்.

காய்களின் விலையை எல்லாரையும் போல சாக்பீஸில் எழுதினேன், தினமும் மாறுமே. கொசுறு விஷயத்தை மட்டும், ஒரு கெத்தாக இருக்கட்டும் என்று, அந்தோணியின் கூட்டாளியைப் பிடித்துப் பெரிய பலகையில் பச்சைப் பெயின்ட்டால் எழுதச் சொன்னேன். "எது வாங்கினாலும் ஒரு பிடி பச்சை மிளகாய், கறிவேப்பிலை இலவசம். எப்போதும்." அந்தக் கடைசி வார்த்தையைச் சேர்த்தது நான்தான். வேறு யார் மேலும் பழி போட முடியாது.

மறுநாளே புஷ்பம் அக்கா வந்தார். இவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். பிள்ளைகளை இறக்கிவிட்டு, அதே வேனில் தன் தாமான் குடியிருப்பைச் சேர்ந்த எட்டுப் பெண்களை ஏற்றிக்கொண்டு சந்தைக்கு வருவார். அவர் எந்தக் கடையில் நிற்கிறாரோ அங்கேதான் எட்டுப் பேரும் நிற்பார்கள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு போர்டை இரண்டு முறை வாசித்தார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: "எப்போதும்னு போட்டிருக்க. பெயின்ட்டுல வேற இருக்கு. நாங்க ஒம்பது பேரு சாட்சி லா."

தண்ணீர்த் திருவிழா

ஏப்ரல் மாதம் வந்தது. என் மேசையில் இருக்கும் இஞ்சி, சின்ன வெங்காயம், மிளகாய் பாதிக்கு மேல் தாய்லாந்துச் சரக்கு என்று அதுவரை எனக்கே தெரியாது. அங்கே புத்தாண்டு. ஒருவர்மேல் ஒருவர் தண்ணீர் ஊற்றி விளையாடுவார்களாம், லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாம் ஊருக்குப் போய்விடுவார்களாம். லாரி வரவில்லை, இஞ்சி விலை இரண்டு மடங்காகிவிட்டது.

இதை ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் விளக்கினேன். புவியியல் பாடம் எடுத்த மாதிரி எல்லைச் சாவடி, லாரி, விடுமுறை என்று கையை ஆட்டி ஆட்டிச் சொன்னேன். புஷ்பம் அக்கா பொறுமையாகக் கேட்டார். இரண்டு துண்டு இஞ்சியைத் தராசில் வைத்தார், ஒன்றை எடுத்துவிட்டார். பிறகு கேட்டார்: "அவங்க தண்ணி ஊத்தி விளையாடுறதுக்கு நான் ஏம்மா காசு கட்டணும்?"

டுரியான் வந்தால் கீரை போச்சு

பாலிங் பக்கம் டுரியான் பழம் விழ ஆரம்பித்துவிட்டால் நீங்கள் தங்கத்தில் கத்தரிக்காய் விற்றாலும் ஆள் வராது. சந்தை வாசலிலேயே நான்கு லாரி டுரியான். மூக்கு முதலில் வாங்குகிறது, பிறகு கை வாங்குகிறது, என் மேசைக்கு வரும்போது பணப்பை காலி. வீட்டில் சமைப்பதும் இல்லை. மத்தியானத்துக்கு டுரியான், ராத்திரிக்கு மிச்ச டுரியானைப் போட்டுப் பால் கஞ்சி. என் கீரைக்கட்டுகள் பத்து மணிக்கெல்லாம் தலை தொங்கிவிடும். மூன்று கட்டு ஒரு வெள்ளி என்று கத்தினேன். திரும்பிப் பார்த்தவர்கள் வாயில் சுளையோடு பார்த்தார்கள்.

அன்று நான் வாடிய கீரையோடு வீட்டுக்குப் போனால், அந்தோணி முற்றத்தில் உட்கார்ந்து டுரியான் பிளந்துகொண்டிருக்கிறார். நான்கு பழம். என் காலை வியாபாரம் முழுவதும் அந்த நான்கு பழத்துக்குச் சரியாகப் போயிருக்கும். கத்துவதற்கு வாயைத் திறந்தேன், ஒரு சுளையை வைத்துவிட்டார். கோபத்தோடு சாப்பிட்டேன். கோபத்தோடு இன்னும் நான்கு சாப்பிட்டேன். அவர் கொட்டையைத் துப்பிவிட்டுச் சொன்னார்: "நீ விக்கிற கீரை நாளைக்கும் இருக்கும். இது இருக்குமா?"

முருங்கைக்காய்

ஒரு முறை புத்தி கெட்டு முருங்கைக்காய் வாங்கி அடுக்கிவிட்டேன். நம் ஆட்களில் முருங்கை மரம் இல்லாத வீடு எது? பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்த ஓர் அம்மா ஒரு காயை எடுத்து முறுக்கிப் பார்த்தார், முகர்ந்து பார்த்தார், விலை கேட்டார், சிரித்தார். "இதுக்குப் போயி காசா? எங்க வீட்டுல மரம் ஒடியத் தொங்குது. நாளைக்கு ஒரு மூட்டை கொண்டாறேன், நீயே வித்துக் குடுத்துடு."

புரட்டாசி

எனக்கு எதிர் மேசையில் காதர் பாய் கோழி விற்கிறார். பதினோரு மாதம் அவர் பக்கம்தான் கூட்டம். புரட்டாசி பிறந்ததும் தலைகீழாகிவிட்டது. நம் பெண்கள் கவிச்சியைத் தொடுவதில்லை, கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் அடிதடி. எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்டால் விலை ஏறத்தானே செய்யும்? ஏறியது. நான் வேதக்காரி. கோயிலில் மெழுகுவத்தி ஏற்றும்போதே புரட்டாசி நல்லபடியாக நடக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன், கர்த்தர் மன்னிப்பாராக.

காதர் பாய் கத்தியைத் துடைத்துத் துடைத்துத் தேய்த்துவிட்டார். பார்க்கப் பாவமாக இருந்தது. ஒரு கோழி வாங்கினேன். புஷ்பம் அக்கா கண்ணில் பட்டால் காய்க்குத் தீட்டு என்று கிளம்பிவிடுவாரோ என்று பயந்து, அதைக் கோஸ் கூடைக்கு அடியில் ஒளித்து வைத்தேன். அதைப் பார்த்துக்கொண்டிருந்த பாய் மெதுவாக வந்து கேட்டார்: "புரட்டாசி எனக்கும் கெடையாது, ஒனக்கும் கெடையாது. அப்புறம் எப்படிம்மா நட்டம் மட்டும் எனக்கு, லாவம் மட்டும் ஒனக்கு?"

மழை

பாய் வயிறெரிந்தது பலித்துவிட்டது. நவம்பர் கடைசியில் கேமரன் மலையில் விடாத மழை, தென் தாய்லாந்தில் வெள்ளம். தக்காளி ஏறியது, கோஸ் ஏறியது. பச்சை மிளகாய் ஏழிலிருந்து பத்து, பத்திலிருந்து பதினைந்து, ஒரு திங்கட்கிழமை கிலோ இருபத்திரண்டு வெள்ளி. எனக்குச் சரக்குப் போடும் சீன முதலாளி, எங்கள் வாயில் தவுக்கே, ரப்பர் தோட்டத்தில் நம் ஆட்களோடு பிறந்து வளர்ந்தவர், தமிழ் நம்மைப் போலவே பேசுவார். தவுக்கே, இந்த விலை எப்போது இறங்கும், வயிற்றில் அடிக்காதீர்கள் என்று கெஞ்சினேன். அவர் மிளகாய்ப் பெட்டியின் மேல் சாய்ந்துகொண்டு வானத்தைக் காட்டினார். "மழைகிட்ட கேளு லா. நான் என்ன மழையா?"

ஒரு வெள்ளிக் கங்கோங்

இப்போது என் போர்டை நினைத்துப் பாருங்கள். எது வாங்கினாலும் ஒரு பிடி மிளகாய். எப்போதும்.

என் மேசையில் ஆக மலிவானது கங்கோங் கீரை, கட்டு ஒரு வெள்ளி. அதோடு நான் கொடுக்கும் மிளகாய் ஒன்றரை வெள்ளிக்குக் குறையாது. லூனாஸ் முழுக்க ஒரே வாரத்தில் கங்கோங் பைத்தியம் பிடித்துவிட்டது. அம்மா ஒரு கட்டு, மகள் ஒரு கட்டு, மருமகள் ஒரு கட்டு என்று தனித்தனியாக வரிசையில் நின்று வாங்கினார்கள். கூட்டம் அலைமோதியது, நான் விற்க விற்க நட்டம். கிறிஸ்மஸுக்கு இரண்டு வாரம்கூட இல்லை. அந்தோணி எங்கிருந்தோ ஒரு தொழிற்சாலையின் வேலை விண்ணப்பத் தாளை வாங்கி வந்து மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள், காலையில் ஒரு கட்டு வாங்கிப்போன பெண்மணி ஒன்பது மணிக்கு மறுபடியும் வந்து நின்றார், கையில் ஒரு வெள்ளி. காலையில்தானே கொடுத்தேன் என்றேன். அவர் போர்டை விரலால் தடவிக் காட்டினார்: "ஒரு நாளைக்கு ஒரு வாட்டின்னு எங்க போட்டிருக்கு?"

பிரஷ்

அன்று மாலையே வெள்ளைப் பெயின்ட்டு வாங்கி, "பச்சை மிளகாய்" என்ற இரண்டு வார்த்தையை மட்டும் அடித்தேன். கறிவேப்பிலையை விட்டு வைத்தேன், அது எங்கள் வீட்டுக் கொல்லையிலேயே தழைத்துக் கிடக்கிறது.

மறுநாள் வேன் வந்தது. பள்ளி விடுமுறை என்பதால் புஷ்பம் அக்கா தினமும் வந்துகொண்டிருந்தார். பொறுக்கிய கத்தரிக்காயோடு நிமிர்ந்தவர் போர்டைப் பார்த்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கத்தரிக்காய்களை ஒவ்வொன்றாகத் திரும்பக் கூடையில் வைத்தார். எட்டுப் பேரும் வைத்தார்கள். வேன் போய்விட்டது. அடுத்த நாளும் வரவில்லை, அதற்கு அடுத்த நாளும் இல்லை. நான் கோணி மூட்டைக்குப் பின்னால் உட்கார்ந்து வெங்காயம் உரித்தேன், வெங்காயம் உரிக்க வேண்டிய அவசியம் ஒன்றும் இல்லை. காதர் பாய் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மொளகாய நீ கிலோ அம்பதுக்கு வித்திருந்தாலும் திட்டிக்கிட்டே வாங்கியிருப்பாங்கம்மா. குடுத்தத நிறுத்துன பாரு, அதான் குத்தம்."

பிளாஸ்டிக் பை

நான்காம் நாள் விண்ணப்பத் தாளைக் கையோடு கொண்டுபோயிருந்தேன், வியாபாரம் இல்லாத நேரத்தில் எழுதிவிடலாம் என்று. பெயர் எழுதும்போதே வேன் சத்தம் கேட்டது.

புஷ்பம் அக்கா ஒரு பெரிய பிளாஸ்டிக் பையை என் தராசின் மேல் தொப்பென்று வைத்தார். உள்ளே பச்சை மிளகாய். நீளம், குட்டை, பாதி பழுத்தது, காரம் தலைக்கேறும் ஊசி மிளகாய், எல்லாம் கலந்து கிடந்தது. "எங்க ஒம்பது வூட்டுச் செடியிலயும் பறிச்சது" என்றார்.

விற்க வந்திருக்கிறார் என்று நினைத்து, கிலோ என்ன விலை என்று கேட்டேன். அவருக்கு வந்ததே கோபம். "வெலையா? நான் என்ன வியாவாரியா? இத வச்சிக் கொசுறு போடு. மழ நிக்கிற வரைக்கும் கொண்டாறோம்."

பையைத் தராசிலிருந்து இறக்கி வைத்தேன். ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. வீட்டிலேயே இவ்வளவு மிளகாய் இருக்கும்போது கொசுறு எதற்கு அக்கா என்றேன். எட்டுப் பெண்களும் என்னை ஒரு மக்குப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரி பார்த்தார்கள். "அது வூட்டு மொளகா. இது கொசுறு" என்றார் புஷ்பம் அக்கா.

பிறகு ஒன்பது பேரும் பழையபடி வாங்கினார்கள். கங்கோங் இல்லை. கத்தரிக்காய், கோஸ், ஏறிய விலையிலேயே தக்காளி, எல்லாவற்றையும் வழக்கம்போல் திட்டிக்கொண்டே வாங்கினார்கள். மிளகாய் மடிக்கக் காகிதம் தேடினேன். கையில் கிடைத்தது விண்ணப்பத் தாள்தான். அதைக் கிழித்து, அக்கா கொண்டுவந்த மிளகாயிலிருந்தே ஒரு பிடி அள்ளி, மடித்து, அவர் பையில் போட்டேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தார். முகத்தைச் சுளித்தார். "என்ன, எண்ணி ஆறு கெடக்கு? இன்னும் ரெண்டு போடு லா, கஞ்சப் பிசினாரி!"

கிறிஸ்மஸுக்கு மறுநாள் அந்தோணியே பச்சைப் பெயின்ட்டு வாங்கி வந்து, அடித்த வார்த்தைகளைத் திரும்ப எழுதிக் கொடுத்தார். ஒரு வருஷத்தில் நான் படித்த வியாபாரம் இவ்வளவுதான், விலையை மழைக்குத் தக்கபடி ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் கொசுறில் கை வைக்கக் கூடாது, அது வாங்குகிறவர் வீட்டுச் செடியிலேயே காய்த்தது என்றாலும்.