விரிசல் விட்ட வெறும் ஓடுகள்

ஈப்போவில் ஒரு மருந்துத் தொழிற்சாலையில் சேர்ந்த புதிதில், ஒரு மூலிகைத் தூளைக் கேப்சூலாக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. இரண்டு முறை செய்தும் தோல்வி. போத்தலில் போட்ட சில நாளிலேயே கேப்சூல்கள் விரிசல் விட்டன. மிஷின் அழுத்துவதுதான் காரணம் என்று அறிக்கை எழுதினேன். இன்னொரு முறை உடைந்தால் அந்த மருந்தையே கைவிட்டுவிடுவார்கள்.

மிஷினை ஓட்டியவர் புந்தோங்கிலிருந்து வரும் ஓர் அக்கா. தொப்பிக்கும் முகமூடிக்கும் நடுவே அடர்ந்த புருவமும் பெரிய கண்களும் மட்டும் தெரியும். வேலை தொடங்குமுன் தூள் நிரப்பாத வெறும் கேப்சூல் ஓடு ஒன்றைக் காதருகே வைத்து அமுக்கிப் பார்ப்பார்.

ஒரு காலை அவர் சில நாளாக மூடிவைத்திருந்த ஒரு போத்தலை என் மேசையில் வைத்தார். அடியில் என் தூள், அதன்மேல் ஒரு துணி, துணிமேல் வெறும் ஓடுகள்.

“ஒண்ண எடுத்து அமுக்குங்க சார்.”

அமுக்கினேன். படக்கென்று உடைந்தது.

“இதெல்லாம் மிஷின் பக்கமே போகல லா. ஒங்க பவுடர்தான் ஓட்டுல உள்ள ஈரத்தக் குடிக்குது.”

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அதுவரை பயன்படுத்திய ஜெலட்டின் ஓடுகளை விட்டு, காய்ந்தாலும் எளிதில் உடையாத தாவர ஓட்டுக்கு மாறினோம். சில வாரம் கழித்துப் போத்தலைத் திறந்து கொட்டினோம். ஒன்றுகூட உடையவில்லை! இருவரும் சின்னப் பிள்ளைகள்போல் கைதட்டினோம்.

“எப்படிக்கா தோணுச்சு?”

“எம் மிஷினக் கொற சொன்னா சும்மா இருப்பேனா சார்?”

அன்றே அறிக்கையைத் திருத்தி, காரணத்தைக் கண்டுபிடித்தவர் என்று அவர் பெயரைச் சேர்த்துக் காட்டினேன். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

“மிஷின் மேல தப்பில்லன்னு எழுதுங்க, பெரிசா,” என்றார்.

பெரிதாகவே எழுதினேன்.